நாலாவது ஃப்ரெட்

தடித்த கம்பியில் ஐந்து, எட்டு. அடுத்ததில் ஐந்து, ஏழு. மூன்றாவது கம்பியில் நாலு, ஏழு. நாலு என்று இன்னாசி மனசுக்குள் சொல்லி முடிப்பதற்குள் சுட்டுவிரல் ஐந்தில் போய் உட்கார்ந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து. பேஸ் கிட்டார் என்னவோ பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் பீரோவுக்குப் பக்கத்தில் உறைக்குள் சாய்ந்து நிற்கிறது. அவர் இருப்பது தில்லைநகரில், ஒரு மருத்துவமனையின் இரண்டாவது மாடியில், ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு எதிரே போட்டிருக்கும் இரும்பு நாற்காலி வரிசையின் கடைசியில். வலது முன்கையைத் தொடைமேல் போட்டு, அதையே கிட்டாராகப் பாவித்து, இடது கை விரல்களால் அமுக்கிக்கொண்டிருந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் அவருடைய மனைவி எமல்டாவின் தொண்டையைத் திறந்திருக்கிறார்கள். திறந்திருக்கிறார்கள் என்று வேண்டுமென்றே ஒருதடவை நினைத்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்டால் கன்னம் நம்முடையதில்லாமல் போகுமே, அதுமாதிரி நெஞ்சுக்குள் எதுவோ தடித்துக் கிடந்தது. கிள்ளினால் கிள்ளுவது தெரிகிறது, வலி தெரியவில்லை. தைராய்டில் கட்டி. எலுமிச்சம்பழம் அளவு என்று ஸ்கேன் எடுத்தவர் சொன்னார், பெரிய நெல்லிக்காய் என்று டாக்டரம்மா சொன்னார். ஒரே கட்டிக்கு ஏன் ஆளுக்கொரு காய் சொல்கிறார்கள் என்று அன்றைக்கு யோசித்தது இப்போது மறுபடி வந்தது. ஒன்பதே முக்காலுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். சுவரில் இருக்கிற கடிகாரம் பத்து இருபது காட்டியது. புற்றுநோய் இல்லை என்று முன்னாலேயே ஊசி வைத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள், உயிருக்குப் பயமில்லை. பயம் வேறொன்றுக்கு. கட்டிக்குப் பின்னால் இரண்டு பக்கமும் நூல் மாதிரி ஒரு நரம்பு போகிறதாம். குரலுக்கான நரம்பு. “பத்திரமாத்தான் பிரிச்சு எடுப்போம். ஒட்டிப் பிடிச்சிருந்தா மட்டும் கொஞ்சம் சிரமம். நீங்க பாட்டு கீட்டு பாடுவீங்களா?” என்று போன வாரம் டாக்டரம்மா கேட்டார். எமல்டா சிரித்துக்கொண்டே, “கோயில்ல கூட்டத்தோட கூட்டமா, சும்மா” என்றாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த இன்னாசி ஆமாம் என்று தலையாட்டினார். ஆமாம் என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் வந்து வந்து சிக்கியது.

ஐந்து, எட்டு. ஐந்து, ஏழு. பேஸ் கிட்டார்காரனை யாரும் கவனிப்பதில்லை. கல்யாணக் கச்சேரியில் பாடுகிறவளுக்குக் கைதட்டுவார்கள், கீபோர்டுக்காரனிடம் போய் இந்தப் பாட்டு வாசிப்பீங்களா என்று கேட்பார்கள், டிரம்ஸ் அடிக்கிறவனைச் சுற்றிப் பொடிசுகள் நிற்கும். பேஸ் என்று ஒருவன் ஓரமாக நின்று தும் தும் என்று அமுக்கிக்கொண்டிருப்பது, அவன் நிறுத்தினால்தான் ஏதோ குறைகிறதே என்று தெரியும். இன்னாசிக்கு அதில் ஒரு ரகசிய கர்வம் உண்டு. எல்லாரும் என் தலைமேல்தான் நிற்கிறீர்கள் என்கிற கர்வம். முப்பது வருஷமாக நிற்க வைத்திருக்கிறார். பகலில் ஒர்க்‌ஷாப்பில் பிட்டர், சாயந்திரம் பங்குக் கோயில் பாடகர் குழுவில் பேஸ். சோகப் பாட்டு என்று வந்துவிட்டால் கை தானாகப் போகிற ஒரு கட்டம் இருக்கிறது, மைனர் பென்டாடோனிக் என்று பெயர், ஐந்தே ஸ்வரம். அதை ஒரு குழந்தைக்குக்கூடப் பழக்கிவிடலாம், ஏனென்றால் சுட்டுவிரலுக்கு அதில் வேலையே கிடையாது. எந்தக் கம்பிக்குப் போனாலும் ஐந்தாவது ஃப்ரெட்டில், கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த ஐந்தாவது உலோகப் பட்டையில், வீடு கட்டிக் குடியிருக்கும். மற்ற விரல்கள்தான் ஏழுக்கும் எட்டுக்கும் போய்வரும். இப்போது அவர் கற்றுக்கொள்வது அதுவேதான், ஒரே ஒரு இடம் தவிர. மூன்றாவது கம்பிக்கு வரும்போது சுட்டுவிரல் வீட்டைவிட்டு ஒரு ஃப்ரெட் பின்னால் இறங்க வேண்டும். ஐந்தில் இருப்பது நி என்றால் நாலில் இருப்பது த. நி இருக்க வேண்டிய இடத்தில் த. அவ்வளவுதான் வித்தியாசம். அரை ஸ்தானம். ஒரு கட்டைவிரல் அகலம்கூடக் கிடையாது. நாலு நாளாக அந்த அரை ஸ்தானத்தைத் தாண்ட முடியவில்லை. விரல் கேட்க மாட்டேன் என்கிறது. முப்பது வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்த குமாஸ்தாவை எழுந்து பக்கத்து நாற்காலிக்குப் போ என்றால் போவானா.

“மாமா, ஏதாவது சொன்னாங்களா?”

எமல்டாவின் தங்கை பிலோமி. கையில் ஃப்ளாஸ்க், தோளில் பை, மணிக்கட்டில் இரண்டு சுற்றாகச் செபமாலை. ஏர்போர்ட் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். இன்னும் இல்லையென்று இன்னாசி சொன்னார். அவள் ஃப்ளாஸ்க் மூடியில் காபி ஊற்றி நீட்டினாள். “காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க, எனக்குத் தெரியும். ஒரு வாய் குடிங்க. உள்ளாற அக்கா, வெளிய நீங்க, ரெண்டு பேரையும் நான் ஒருத்தி பாக்க முடியாது.” வாங்கிக் குடித்தார். சூடு தெரிந்தது, இனிப்பு தெரியவில்லை. பிலோமி பக்கத்தில் உட்கார்ந்து செபமாலையை அவிழ்த்தாள். அருள்நிறைந்த மரியே வாழ்க என்று அவள் உதடு தொடங்கியதும் அந்த முணுமுணுப்புக்குச் சரியாக இவருடைய விரல்கள் நடை போட்டன, ஐந்து, எட்டு, ஐந்து, ஏழு, எதற்கும் ஒரு தாளம் கிடைத்தால் போதும் இந்தக் கைக்கு, சாவு வீட்டு மேளத்துக்குக்கூட உள்ளுக்குள் பேஸ் வாசிக்கும், வெட்கம் கெட்ட கை. நாலு. இல்லை, ஐந்து. மறுபடி ஐந்து. பிலோமியை ஓரக்கண்ணால் பார்த்தார். இவள்தான் அக்காவின் பாட்டை அனுப்பினாள். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செல்போனில் டிங் என்றது. கூடவே ஒரு வரி: அக்கா எனக்கு அனுப்புனிச்சு மாமா, ஆபரேஷனுக்கு முன்னாடி ஒருதடவ பாடி வச்சிருக்காம், நீங்களும் வச்சுக்குங்க. எமல்டா அவருக்கு அனுப்பவில்லை. பதினாறு அடி நீள வீட்டில் அடுத்த அறையில் இருக்கிறவருக்கு அனுப்பவில்லை, ஏர்போர்ட் பக்கத்தில் இருக்கிற தங்கைக்கு அனுப்பினாள். அன்றைக்கு அது உறைக்கவில்லை. இப்போதும் உறைத்தது என்று சொல்ல முடியாது, உறைக்க வேண்டும் என்று தெரிந்தது.

மாதா பாட்டு. எமல்டாவே மெட்டுப் போட்டது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் சமையல் வேலையோடு வேலையாக முனகி முனகிச் சேர்த்தது. ஃபோனில் பின்னணி வாத்தியம் எதுவும் இல்லாமல் பாடியிருந்தாள். நடுவில் குக்கர் ஒரு விசில் அடிக்கிறது, அவள் நிறுத்தவில்லை. இன்னாசி ஆம்ப்ளிபயரைச் சின்னதாக வைத்து, காதில் ஒரு பக்கம் மட்டும் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு அதற்கு அடியில் பேஸ் போட்டுப் பார்த்தார், பழக்கதோஷம். மூன்றாவது அடியில் இடித்தது. அவர் நி வாசிக்க அவள் அரை ஸ்தானம் இறங்கிப் பாடுகிறாள். இடிக்கத்தானே செய்யும், எமல்டா இறக்கிப் பாடுவாள் என்பது வீட்டுக்கும் கோயிலுக்கும் தெரிந்த விஷயம், சிரித்துக்கொண்டே அடுத்த சரணத்துக்குப் போனார். அதே இடத்தில் இடித்தது. மூன்றாவது சரணம். அதே இடம், அதே அளவு. மற்ற எல்லா இடத்திலும் மயிரிழை பிசகில்லை. ஏழு நிமிஷம் வாத்தியத் துணை இல்லாமல் பாடி, கடைசியில் ஆதார ஸ்வரத்தில் வந்து நின்றபோது அவருடைய ஐந்தாவது ஃப்ரெட்டில் அப்படியே வந்து நின்றாள். சுருதி இறங்குகிறவர்கள் அப்படி இறங்க மாட்டார்கள். ஒருதடவை கால், ஒருதடவை அரை, களைப்பு ஏற ஏற இன்னும் கொஞ்சம், பாட்டு முடியும்போது எங்கேயோ போயிருப்பார்கள். மூன்று தடவையும் ஒரே பள்ளத்தில் அளந்து கால் வைத்து ஏறுகிறவளுக்குக் கால் தடுக்கியது என்று எப்படிச் சொல்வது. கை சும்மா, ஒன்றும் நினைக்காமல், நாலாவது ஃப்ரெட்டுக்குப் பின்வாங்கியது. அமுக்கினார். மூன்றாவது அடி முழுவதும் திறந்துகொண்டது. அப்படியொன்றும் பெரிய வெளிச்சமெல்லாம் இல்லை. பாட்டு சரியாக இருந்தது, அவ்வளவுதான். பாட்டு முதலிலிருந்தே சரியாகத்தான் இருந்திருக்கிறது. பிறகு இணையத்தில் தேடினால் யாரோ ஒரு வெள்ளைக்காரன் தொப்பி போட்டுக்கொண்டு இந்தக் கட்டத்தைச் சொல்லித்தருகிறான். மைனர் பென்டாடோனிக், ஏழாவது ஸ்வரத்துக்குப் பதில் ஆறாவது. அதிகம் பேர் வாசிக்க மாட்டார்கள், காது பழகக் கொஞ்சம் நாளாகும் என்கிறான். எமல்டாவுக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. அவளுக்கு அப்படித்தான் கேட்டிருக்கிறது.

ஐந்து, ஏழு, நாலு. நாலு வந்துவிட்டது. அடுத்த தடவை ஐந்து. பதினோரு வருஷத்துக்கு முந்தின ஆகஸ்ட் மாசம் அது, மாதா திருவிழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது, கோயில் மாடியில் பயிற்சி. பதினாலு பேர். அன்றைக்கென்று பங்குச்சாமியாரும் ஏறி வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், புதுப் பாட்டாமே கேட்போம் என்று. எமல்டா ஊதாவில் வெள்ளைக் கோடு போட்ட புடவை. பாடத் தொடங்கினாள். இன்னாசி அடியில் வாசித்தார். மூன்றாவது அடியில் அரை ஸ்தானம் இரண்டு பக்கமும் உரச, எல்லோருடைய முகமும் லேசாகச் சுளித்தது. சுளித்த முகங்கள் எல்லாம் எமல்டா பக்கம் திரும்பின. அதுதான் இந்த வாத்தியத்தின் விசேஷம். பேஸும் பாட்டும் இடித்தால் எவனும் பேஸ் தப்பு என்று நினைக்க மாட்டான். தரை எப்படிக் கோணலாக இருக்கும், நிற்கிறவள்தான் சாய்ந்திருக்கிறாள். இன்னாசி கையைத் தூக்கி நிறுத்தினார். “எமல்டா, இறங்குது. மேல பிடி.” மறுபடி பாடினாள். மறுபடி இடித்தது. “இறங்குதும்மா, கவனி. என் பேஸைக் கேளு.” நி-யைத் தனியாக அமுக்கி அமுக்கிக் காட்டினார். தும், தும், தும். எத்தனை தடவை பாட வைத்தார்? ஒன்பது. ஒன்பதா, பத்தா? நடுவில் கீபோர்டு டோமினிக் ஏதோ சொல்ல வாயெடுத்தான், அண்ணே ஒருவேளை அக்கா வேற மாதிரி, என்று ஆரம்பித்தான், இன்னாசி அவனை ஒரு பார்வை பார்த்தார். சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதாவது தடவை எமல்டா மேலே பிடித்துப் பாடிவிட்டாள். அவர் சொன்ன இடத்தில், நி-யில். “ஆங், இதான்! இத முதல்லயே பாடியிருந்தா?” என்று இன்னாசி சிரித்தார், எல்லோரும் சிரித்தார்கள், சாமியாரும் சிரித்தார். எமல்டா தண்ணீர் குடித்தாள். பிறகு, தொண்டை சரியில்லை, இதை வேறு யாராவது பாடட்டும் என்றாள். அந்தத் திருவிழாவுக்கு டோமினிக்கின் தங்கை பாடினாள், நி-யோடு. அன்றையிலிருந்து பதினோரு வருஷமாக ஒவ்வொரு செப்டம்பர் எட்டாம் தேதியும் பங்கே திரண்டு அந்தப் பாட்டை இன்னாசி திருத்திய மாதிரிதான் பாடுகிறது. வெளியூர்க் கோயில்களுக்குக்கூடப் போயிருக்கிறது. ஒரு ஊரையே தப்பாகப் பாட வைக்கிற தெம்பு ஒரு பேஸ்காரனுக்கு உண்டு, அதுவும் ஓரமாக நின்றுகொண்டே.

அவள் பாடுவதில்லை அந்த இடத்தை. இதுவும் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வந்து நின்ற நினைப்புதான். குழுவில் இரண்டாவது வரிசையில் நிற்பாள், எல்லா வரியும் பாடுவாள், மூன்றாவது அடியின் அந்த ஒரு இடத்தில் வாயை மூடி மூச்சு இழுத்துக்கொள்வாள். இவர் நின்ற இடத்திலிருந்து அது தெளிவாகத் தெரியும். பதினோரு வருஷமாகப் பார்த்திருக்கிறார். மூச்சு பத்தவில்லை, வயசாகுது என்று நினைத்திருக்கிறார். மூச்சுப் பயிற்சி செய்யேன் என்று ஒருதடவை சொல்லியும் இருக்கிறார். அட, அதுவாவது போகட்டும். வீட்டில்? அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே எதையாவது முனகினால், என்ன இன்னைக்கும் அரை இறங்குதா என்று கேட்பார். மகன் சின்னவனாக இருந்தபோது அவனும் கற்றுக்கொண்டான், அம்மா அரை இறங்குது, அம்மா அரை இறங்குது என்று கைதட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவான், அவள் கரண்டியை ஓங்குவாள், எல்லோரும் சிரிப்பார்கள். மனுஷன் நல்லவர்தான், அடித்ததில்லை, குடித்ததில்லை. ஒரு பகடியை மட்டும் பதினோரு வருஷம் விடாமல் செய்துவந்தார். எமல்டா முனகுவதை எப்போது நிறுத்தினாள் என்று யோசித்தார். தெரியவில்லை. ஒரு வீட்டில் ஒரு சத்தம் நின்றுபோனால் அன்றைக்கே தெரிய வேண்டாமா? அதுவும் சத்தத்தையே பிழைப்பு மாதிரி வைத்திருக்கிறவருக்கு? ஐந்து, எட்டு, ஐந்து, ஏழு, ஐந்து. சனியன்.

“சார், உங்களுக்கு நரம்புத் தளர்ச்சியா?”

இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தவர் எட்டிக் கேட்டார். மண்ணச்சநல்லூர்க்காரர், அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்று காலையிலேயே சொல்லியிருந்தார். இன்னாசி விரல்களை நிறுத்தினார். இல்லீங்க, சும்மா பழக்கம் என்றார். “இல்ல, ஒரு மணி நேரமா பாக்குறேன், கை ஆடிக்கிட்டே இருக்கு. எங்க சித்தப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. அலட்சியமா விட்றாதீங்க, ஆஸ்பத்திரிக்கு வந்தது வந்தாச்சு, அப்படியே காமிச்சுருங்க.” பிலோமி மணியை உருட்டுவதை நிறுத்தாமலே, “அவரு கிட்டார் வாசிக்கிறவருங்க” என்றாள். “அப்படியா!” என்று அவர் ஆச்சரியப்பட்டு, நெல்மண்டி பக்கம் யாரோ ஒருத்தர் கிட்டார் வாசித்து சினிமாவரை போன கதையைச் சொல்லத் தொடங்கினார். இன்னாசி உம் கொட்டினார். தன் விரல் நுனிகளைப் பார்த்தார். நாலு விரலிலும் காய்ப்பு, முப்பது வருஷக் கம்பி ஏற்றியது. அங்கே ஒன்றும் தெரியாது, சட்டியைக்கூடத் துணி இல்லாமல் இறக்கி வைப்பார். மகன் பிறந்த வாரம் அவன் கன்னத்தைத் தடவியபோது எமல்டா கேட்டாள், இந்தக் கையில உங்களுக்குப் புள்ள கன்னம் தெரியுதா? தெரியுது என்று சொன்னார். தெரியவில்லை. பிறகு புறங்கையால் தடவிப் பார்த்துக்கொண்டார். இதை ஏன் அவளிடம் பொய் சொன்னோம்? உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? காய்ப்பு விரலிலிருந்து ஏறி ஏறி எதுவரைக்கும் போயிருக்கிறது என்று பார்க்க ஆசையாக இருந்தது, ஆசைகூட இல்லை, வேலை இல்லாதவன் சுவரைப் பார்க்கிற மாதிரி. செல்போன் அடித்தது. மகன், ஓசூரிலிருந்து. “அப்பா, முடிஞ்சிருச்சா?” இன்னும் இல்லடா. “அம்மாகிட்ட காலையில பேசுனீங்களா, பயந்துச்சா?” இல்லடா, நல்லாத்தான் இருந்துச்சு. “நீங்க என்ன சொன்னீங்க?” என்ன சொன்னார்? மூக்குத்தியைக் கழற்றிவிட்டாயா என்று கேட்டார். ஸ்ட்ரெச்சரில் பச்சை அங்கி போட்டுப் படுத்திருந்தவள் மூக்கைத் தொட்டுக் காட்டி, பிலோமிகிட்ட முன்னாடியே குடுத்தாச்சு என்றாள். பிறகு சக்கரம் உருண்டுவிட்டது. தைரியமா இருன்னு சொன்னேன்டா என்று மகனிடம் சொன்னார்.

ஞாயிறு மத்தியானம் சொல்லியிருக்கலாம். எழுந்தார் அல்லவா, கிட்டாரைச் சாய்த்து வைத்துவிட்டு அடுப்படி வாசல்வரை போனார் அல்லவா. எமல்டா மத்தி மீன் அலசிக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டாள். தண்ணி என்றார். செம்பைக் காட்டினாள். குடித்துவிட்டு வந்துவிட்டார். திங்கள்கிழமை ஒர்க்‌ஷாப்பிலிருந்து வரும்போது பூரா வழியும் வாக்கியம் தயார் செய்துகொண்டு வந்தார், எமல்டா, ஒரு விஷயம். வீட்டுக்குள் நுழைந்தால் பக்கத்து வீட்டம்மா உட்கார்ந்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை யாரும் இல்லை. செவ்வாய்க்கிழமைக்கு என்ன சாக்கு? ஒன்றுமில்லை. வாய்வரை வந்ததை மென்று முழுங்கினார். ஏன் என்றால், இதைச் சொல்வது நீ சரி என்று சொல்வதோடு முடியாது, நான் அன்றைக்குப் பதினாலு பேர் முன்னால் உன்னை என்று தொடங்க வேண்டும், தொடங்கினால் பதினோரு வருஷமும் வரிசையாக வந்து நிற்கும், ஒவ்வொரு பகடியும் வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். முதலில் சரியாக வாசிக்கக் கற்றுக்கொள்வோம், கற்றுக்கொண்டு அவள் பாட அடியில் வாசித்துக் காட்டுவோம், வாய்ப் பேச்சை விட அதுதான் மரியாதை என்று தனக்குத்தானே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். நல்ல ஏற்பாடு. ஆனால் அதற்கு அவளுக்குக் குரல் வேண்டும். அந்த இடத்தில் இன்னொன்றும் கிடந்தது. அதைச் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தவர் இப்போது நேராகவே மிதித்துவிட்டார். போன வாரம் டாக்டரம்மா, பேச்சு வந்துரும், பாட்டுக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது என்று சொன்னபோது அது ஒன்றுமாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அது உருவம் எடுத்தது. அவளுக்குப் பாட வராமல் போய்விட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. தப்பு வாசித்தவன் யார் என்கிற கேள்வியே எழாது. அப்பாடா என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததை இல்லையென்று சொல்ல முடியாது. கண் சிமிட்டும் நேரம்தான் இருந்தது, ஆனால் இருந்தது, அதன் கால்தடம் இருக்கிறது. அதற்காகத் தன்மேல் அருவருப்பு வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. வராததுதான் பயமாக இருந்தது. அந்தப் பயமும் கொஞ்சம் தூரத்தில், தெருமுனையில் யாரோ யாரையோ கூப்பிடுகிற மாதிரி.

பதினொன்றரை. பன்னிரண்டு. கதவு திறந்தது, ஒரு நர்ஸ் வந்து மண்ணச்சநல்லூர்க்காரரின் பெயரைக் கூப்பிட்டாள், அவர் செருப்பைத் தேடிக்கொண்டு ஓடினார். கதவு மூடியது. பிலோமி செபமாலையை இரண்டு சுற்று முடித்துவிட்டு நாற்காலியிலேயே தலை சாய்ந்து தூங்கிப்போனாள். பினாயில் வாசனையோடு யாரோ கட்டிக்கொண்டு வந்த புளிசாத வாசனை சேர்ந்து அடித்தது. இன்னாசி தன்பாட்டுக்கு அமுக்கிக்கொண்டிருந்தார், மேலே போய்க் கீழே வந்து, கீழே வந்து மேலே போய். முன்கையில் சிவந்து தடம் விழுந்திருந்தது. எத்தனையாவது தடவையோ, மூன்றாவது கம்பிக்கு வந்தபோது விரல் நாலுக்குப் போயிருந்ததைக் கவனித்தார். அதற்கு முந்தின தடவையும் போயிருந்தது. அதற்கும் முந்தின தடவையும் என்று தோன்றியது. சோதித்துப் பார்த்தார். வேறு எதையாவது நினைத்துக்கொண்டு, ஒர்க்‌ஷாப் கேன்டீனை நினைத்துக்கொண்டு அமுக்கினார். நாலு. மகனுடைய பைக்கை நினைத்துக்கொண்டு அமுக்கினார். நாலு. வந்துவிட்டது. கைக்கு வந்துவிட்டது. இனிமேல் மறக்காது, கைக்கு ஒன்று வந்துவிட்டால் அது போகாது, அவருடைய கையைப் பற்றி அவருக்குத் தெரியும். சந்தோஷம் என்று ஏதாவது வருகிறதா என்று உள்ளே பார்த்தார். வலது முன்கை எரிந்தது. அந்த எரிச்சல்தான் காலையிலிருந்து அவருக்கு ஒழுங்காகத் தெரிந்த முதல் விஷயம்.

பன்னிரண்டே முக்காலுக்கு டாக்டரம்மாவே வெளியே வந்தார். தலையில் பச்சைத் தொப்பி, முகத்தில் முகமூடித் தடம். இன்னாசி எழுந்தார். பிலோமியும் பதறி எழுந்தாள்.

“நல்லபடியா முடிஞ்சுது. கட்டி முழுசா வந்துருச்சு. இடது பக்க நரம்புக்கு ஒண்ணுமில்ல. வலது பக்கம் நாங்க பயந்த மாதிரியே ஒட்டிப் பிடிச்சிருந்துச்சு. அறுபடல, ஆனா உரிச்சு எடுக்க வேண்டியதாப் போச்சு. கொஞ்ச நாளைக்குக் குரல் காத்தாத்தான் வரும். மூணு மாசம், நாலு மாசம் பாக்கலாம். பேச்சு திரும்பிரும்.”

“பாட்டு, டாக்டர்?” என்று இன்னாசி கேட்டார்.

டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பினார். “சும்மா கூட்டத்தோட பாடுறதுதான்னு சொன்னாங்களே?”

“இல்ல டாக்டர். நல்லாப் பாடுவா.” பதினோரு வருஷத்தில் முதல்முறையாக அந்த வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்தது, அதுவும் முன்பின் பழக்கமில்லாதவரிடம். “ரொம்ப நல்லாப் பாடுவா.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே” என்றார் டாக்டரம்மா. குற்றம் சொல்கிற குரல் இல்லை. “சொல்லியிருந்தாலும் இதே மாதிரிதான் செஞ்சிருப்போம். ஆனாலும் சொல்லியிருக்கலாம். மேல் ஸ்தாயி வர்றது கஷ்டம்தான். நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.”

ஒருவர் மட்டும் உள்ளே போய்ப் பார்க்கலாம், ஐந்து நிமிஷம் என்றார்கள். நீங்க போங்க மாமா என்று பிலோமி அவர் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். செருப்பைக் கழற்றி, அவர்கள் கொடுத்த அங்கியை மாட்டிக்கொண்டு போனார். வரிசையாகக் கட்டில்கள், மூன்றாவதில் எமல்டா. கழுத்தில் வெள்ளையாகப் பட்டை, பக்கவாட்டில் ஒரு மெல்லிய குழாய். மூக்குத்தி இல்லாத மூக்கு வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. கண் பாதி திறந்திருந்தது. அவரைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் திறந்தது. தைரியமா இருந்தியா, வலிக்குதா, பையன் சாயந்திரம் வந்துருவான், எத்தனையோ இருந்தது கேட்பதற்கும் சொல்வதற்கும், எல்லாம் சரியான நேரத்தில் சரியாகச் சொல்லக்கூடியவை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இப்போது சொல்லாவிட்டால் செவ்வாய்க்கிழமைக்கு ஒரு சாக்கு, புதன்கிழமைக்கு ஒரு சாக்கு என்று செத்துப்போகிறவரைக்கும் போகும் என்று தெரிந்தது. நெஞ்சுக்குள் தடித்துக் கிடந்தது அசைந்தது. வலித்தது. வலிக்கிறதே என்று ஒரு பக்கம் ஆச்சரியமாக இருந்தது.

“எமல்டா. அந்த மாதா பாட்டு. மூணாவது அடி.” அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். “நீ பாடுனதுதான் சரி. இறங்கல. நான்தான் தப்பா வாசிச்சேன். அன்னைக்கு மாடியில, எல்லாரையும் வச்சுக்கிட்டு. நான்தான் தப்பு.”

அவள் உதடு அசைந்தது. அவர் குனிந்து காதைக் கொண்டுபோனார். குரல் இல்லை. வெறும் மூச்சு, அதில் எழுத்துகள் மட்டும்.

“தெரியும்.”

“தெரியுமா? எப்பலேர்ந்து?”

“அன்னைக்கே.” எச்சில் விழுங்கினாள், முகம் சுருங்கியது. அந்தப் பக்கத்திலிருந்து நர்ஸ், பேச வைக்காதீங்க சார் என்று குரல் கொடுத்தாள்.

“அப்புறம் ஏன் சொல்லல?” இன்னாசிக்குக் கண்ணீர் வழிந்து மூக்கு நுனிவரை வந்து போர்வையில் சொட்டியது, துடைக்கத் தோன்றவில்லை. “ஒம்போது தடவை பாட வச்சேனே. ஒரு வார்த்த, நீங்க வாசிக்கிறதுதான் தப்புன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

எமல்டா அவரை விளங்காத மாதிரிப் பார்த்தாள். இதைக்கூடவா கேட்பார்கள் என்கிற மாதிரிப் பார்த்தாள். பிறகு உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்து,

“அத்தன பேரு முன்னாலயா?” என்றாள்.